இந்து மனைவி, கிறிஸ்தவக் கணவர்: விவாகரத்து எந்தச் சட்டப்படி?

கேள்வி இதுதான். கேட்டவர் இந்து, கணவர் ரோமன் கத்தோலிக்கர். சென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணம். சில மாதம் கழித்து, மாமனார் மாமியார் ஆசைப்பட்டதால் அவர்கள் ஊர் சர்ச்சிலும் பாதிரியார் முன்னால் ஒரு சடங்கு. இப்போது இரண்டு வருடத்துக்கு மேலாகப் பிரிந்திருக்கிறார்கள். கேட்டவர் மதுரையில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார், ஏழு வயதுப் பையனும் அங்கேதான். "எந்தச் சட்டப்படி விவாகரத்து வாங்குவது? சர்ச் அனுமதி வேண்டுமா? அவர் சம்மதிக்கவில்லை என்றால் என்ன செய்வது? ஜீவனாம்சம், பையன் விஷயம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் திருமணச் சான்றிதழை எடுத்து மேசையில் வையுங்கள். நீங்கள் இந்துவா, அவர் கிறிஸ்தவரா என்பதை வைத்து விவாகரத்துச் சட்டம் முடிவாவதில்லை. எந்தச் சட்டத்தின்கீழ் திருமணம் நடந்ததோ, அந்தச் சட்டத்தின்கீழ்தான் அது முடியும். இதைச் சரியாகப் பார்க்காமல் மனுப் போட்டுவிட்டு, எதிர்த்தரப்பு "இந்த மனுவே செல்லாது" என்று ஆட்சேபம் எழுப்பிய பிறகு திருத்த ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

நம் ஊரில் "ரிஜிஸ்டர் மேரேஜ்" என்று ஒரே பேராகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் ஒரே சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்று விதமான பதிவுகள் நடக்கின்றன. ஒன்று, 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின்கீழ் நடந்த திருமணத்தைப் பதிவது. இரண்டு, 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் அலுவலகத்திலேயே திருமணம் செய்துவைப்பது, அல்லது வேறு முறையில் நடந்ததை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது. மூன்று, 2009-ஆம் வருடத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம். எல்லா மதத்தவரும் பதிய வேண்டும் என்பதற்காக வந்தது இது. இந்த மூன்றாவது பதிவு உங்கள் திருமணம் நடந்ததற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். திருமணத்தின் தன்மையை அது மாற்றாது, செல்லாத திருமணத்தைச் செல்லுபடியாக்கவும் செய்யாது.

உங்கள் சான்றிதழின் தலைப்பில் "சிறப்புத் திருமணச் சட்டம், 1954" என்று இருக்கிறதா? முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, பிறகு மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட்டது நினைவிருந்தால் அநேகமாக அதுவேதான். சான்றிதழ் தொலைந்திருந்தால் அதே அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். நீங்கள் சொன்ன விவரப்படி அது சிறப்புத் திருமணச் சட்டத் திருமணம் என்று வைத்துக்கொண்டே மேலே பேசுகிறேன்.

அப்புறம் நடந்த சர்ச் சடங்கு? சட்டத்தின் கண்ணில் நீங்கள் முன்பே கணவன் மனைவி. பின்னால் நடந்தது குடும்பத்துக்காக வாங்கிய ஆசீர்வாதம். இதையே தலைகீழாக வைத்துப் பாருங்கள்: முதலில் சர்ச்சில் கல்யாணம் நடந்து, வேறெதுவும் பதியாமல் விட்டிருந்தால் கதை வேறு. 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும், அந்தத் திருமணம் செல்லும். அதை முறிக்க 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்துக்குப் போக வேண்டும், மனைவி இந்துவாக இருந்தாலும்கூட. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2001-இல் திருத்தும்வரை அதில் கணவனுக்கு மனைவியின் தகாத உறவு ஒன்றே போதுமான காரணம், மனைவிக்கோ தகாத உறவோடு கொடுமையோ கைவிடலோ சேர்த்து நிரூபித்தால்தான் விடுதலை. இன்று அந்த ஓரவஞ்சனை போய்விட்டது. ஆனாலும் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இரண்டு வருடப் பிரிவு வேண்டும் என்றே அதன் வாசகம் இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஒரு வருடமாகக் குறைத்துப் படித்தது. 2022-இல் அந்த ஒரு வருடக் காத்திருப்பும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது.

சர்ச் அனுமதி பற்றி. வேண்டாம். திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே. கத்தோலிக்கச் சபையின் தீர்ப்பாயம் "இந்தத் திருமணம் ஆதியிலிருந்தே செல்லாது" என்று எழுதிக் கொடுத்தாலும் நாட்டின் சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் மோலி ஜோசப் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் காகிதத்தை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்தால் இருதார வழக்கில் போய் நிற்க வேண்டியதுதான். உங்கள் கணவர் பின்னால் சர்ச்சில் மறுமணம் செய்ய நினைத்தால் அவருக்குச் சபையின் தீர்ப்பும் தேவைப்படலாம். அது அவருக்கும் அவருடைய சபைக்கும் இடையில். உங்கள் வழக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கிற வேறு சிலருக்காகக் கொஞ்சம் விலகிப் போகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் கலப்பு மதத் தம்பதிகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோயிலில் தாலி கட்டியோ, மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணமாகவோ செய்துகொண்டு, அதை இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடுகிறார்கள். 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு "இரண்டு இந்துக்களுக்கு இடையே" நடக்கும் திருமணத்துக்கு மட்டும். சாதி எதுவானாலும் சரி, மதம் வேறாகக் கூடாது. ஒருவர் கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ இருந்து, மதம் மாறாமலேயே இந்து முறையில் திருமணம் நடந்திருந்தால், அது செல்லாத திருமணம். உச்ச நீதிமன்றம் 2008 டிசம்பரில் குல்லிபில்லி சௌரியா ராஜ் வழக்கில் இதைத்தான் சொன்னது. கணவர் கத்தோலிக்கர், மனைவி இந்து, கோயிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்தில் பதிவும் செய்திருந்தார்கள். பதிவு இருந்தும் திருமணம் நிற்கவில்லை.

அப்படிப்பட்ட நிலையில் கேட்க வேண்டியது விவாகரத்து இல்லை, "இந்தத் திருமணம் செல்லாது" என்ற அறிவிப்பு. பத்து வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. ஜீவனாம்ச வழக்கில் கணவன் தரப்பு முதலில் எடுக்கிற ஆயுதமும் இதுதான். எதிர்வாதம் இல்லாமல் இல்லை. உண்மையாகவே இந்துவாக வாழ்ந்திருந்தால் மதமாற்றத்துக்குச் சுத்திகரிப்புச் சடங்கோ சான்றிதழோ கட்டாயம் இல்லை, மனப்பூர்வமான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன பெருமாள் நாடார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இலேயே சொல்லியிருக்கிறது. அதிலும் பெண் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தான், இந்து முறைப்படிதான் கல்யாணம். அதை நிரூபிக்கக் குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, பண்டிகைப் புகைப்படம் என்று தேடி அலைய வேண்டிவரும். இந்த இக்கட்டில் இருப்பவர்கள் தம்பதியாகச் சந்தோஷமாக இருக்கும்போதே சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் பதிந்துவிடுவது நல்லது.

இஸ்லாமியர் ஒருவரும் வேறு மதத்தவரும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இணைந்திருந்தால் அங்கே தலாக்குக்கு இடமில்லை, இரண்டாம் திருமணத்துக்கும் இடமில்லை. கணவர் தலாக் சொன்னாலும் மனைவி மனைவிதான். ஏற்கெனவே நிக்காஹ் முடித்துப் பின்னால் இந்தச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கும் அதேதான், ஏனென்றால் பதிந்த பிறகு அது இந்தச் சட்டத்தின்கீழ் நடந்த திருமணமாகவே கருதப்படும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இருவரும் ஒத்துப்போனால் வழி சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, அதாவது பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருடத்துக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை என்பதும், பிரிவதென்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதும் கூட்டு மனுவில் வர வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து அதையே உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் அது கட்டாயம் இல்லை, தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவுக்கு முன்பே மொத்தக் காலமான ஒன்றரை வருடம் கடந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை எல்லாவற்றிலும் உண்மையான உடன்பாடு வந்திருக்க வேண்டும். 28-ஆம் பிரிவின் வாசகம் கிட்டத்தட்ட 13பி-யின் நகல்தான், அதனால் அதே காரணங்களைச் சொல்லி மனுப் போடலாம். இரண்டு வருடத்துக்கு மேல் பிரிந்திருக்கிற உங்களுக்குக் கணக்கு ஒத்துவருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூட்டு மனுவில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. தீர்ப்பு வரும்வரை சம்மதம் நீடிக்க வேண்டும், நடுவில் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்று 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கிலேயே முடிவாகிவிட்டது. ஆகவே "முதல் கையெழுத்துப் போடு, பணம் பிறகு தருகிறேன்" என்பதையும் நம்ப வேண்டாம், "முழுப் பணத்தையும் கொடு, பிறகு கையெழுத்து" என்று நீங்கள் அடம்பிடித்தாலும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பாதியை முதல் மனுவின்போதும் மீதியை இரண்டாவது வாக்குமூலத்தின் அன்று நீதிமன்றத்திலேயே வங்கி வரைவோலையாகவும் என்று எழுதிக்கொள்வது நடைமுறையில் ஓடுகிற வழி.

அவர் சம்மதிக்கவில்லை என்றால் 27-ஆம் பிரிவு. தகாத உறவு, மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத் தொடர் கைவிடல், கொடுமை, ஏழு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை, குணப்படுத்த முடியாத மனநோய், தொற்றும் பால்வினை நோய், ஏழு வருடமாக உயிரோடிருக்கும் தகவலே இல்லாமை ஆகியவை அதில் உள்ள காரணங்கள். தொழுநோயும் பட்டியலில் இருந்தது, 2019-இல் நீக்கிவிட்டார்கள், நல்ல வேளை. தகாத உறவு இப்போது குற்றமில்லை என்று 2018-இல் தீர்ப்பு வந்ததே என்று கேட்பார்கள். ஜெயிலுக்குப் போக மாட்டார்கள், ஆனால் விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான்.

நடைமுறையில் பத்துக்கு எட்டு மனு "கொடுமை" என்ற சொல்லின்மேல்தான் நிற்கும். அடி உதை மட்டும் கொடுமை இல்லை, மனரீதியான கொடுமையும் சேரும். ஆனால் மனுவில் "என்னை மிகவும் துன்புறுத்தினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் குறுக்கு விசாரணையில் கரைந்துவிடும். எப்போது, எங்கே, யார் முன்னால், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தி, மருத்துவமனைச் சீட்டு, அக்கம்பக்கத்தவர் சாட்சி, எது இருந்தாலும் திரட்டி வையுங்கள். கைவிடல் என்று போட நினைத்தால் கவனம்: வீட்டைவிட்டு வந்தது நீங்கள். நீங்கள் வெளியேறும்படியான நிலையை அவர் உண்டாக்கினார் என்று காட்டாவிட்டால், கைவிட்டது நீங்கள்தான் என்று அவர் திருப்பிவிடுவார்.

"கணவர் மதம் மாறிவிட்டார், அதை வைத்து விவாகரத்துக் கேட்கலாமா" என்று சிலர் கேட்பதுண்டு. இந்து திருமணச் சட்டத்தில் மதமாற்றம் ஒரு காரணம். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் இல்லை. மதத்தைக் கேட்காமல் சேர்த்துவைத்த சட்டம், பிரிக்கும்போதும் மதத்தைக் கேட்பதில்லை. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த இடம் இது. ஆனால் "மதம் மாறு" என்று வீட்டில் தினமும் நச்சரித்தால், மிரட்டினால், அது கொடுமைக்குள் வரும்.

மனமுறிவு அடியோடு ஆகிவிட்டது, இனி ஒட்டாது என்பது மட்டும் காரணமாக இந்தச் சட்டத்தில் இல்லை. சட்ட ஆணையம் 1978-இலும் 2009-இலும் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தும் நாடாளுமன்றம் சேர்க்கவில்லை. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்துக்காகவே திருமணத்தை முறிக்கலாம் என்றது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். குடும்ப நல நீதிமன்றத்தில் அதைச் சொல்லி மனுப் போட முடியாது, நேரே டெல்லிக்கும் போக முடியாது. ஒருதரப்பு விவாகரத்து வழக்குகள் இத்தனை வருடம் இழுப்பதற்கு இந்த ஓட்டை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

எங்கே போடுவது? மதுரை குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். மனைவி மனுதாரராக இருந்தால் அவர் வசிக்கும் இடத்திலேயே போடலாம் என்று 2003-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கிறிஸ்தவர்களின் விவாகரத்துச் சட்டத்தில் இந்தச் சலுகை இல்லை, திருமணம் நடந்த இடம் அல்லது இருவரும் வசித்த இடம்தான். அவர் முந்திக்கொண்டு வேறு ஊரில் போட்டுவிட்டால், வழக்கை மதுரைக்கு மாற்றக் கேட்டு மனுப் போடலாம். மனுப் போட்டதும் முதலில் ஆலோசனை மையத்துக்கு அனுப்புவார்கள். கவுன்சிலிங் என்றதும் பயப்பட வேண்டாம், அங்கே பேசி முடிகிற பண விஷயம் நீதிமன்ற வராண்டாவில் முடியாது.

ஜீவனாம்சம். வழக்கு நடக்கும்போது 36-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம், முடியும்போது 37-இல் நிரந்தர ஜீவனாம்சம். இரண்டிலும் கேட்க முடிந்தவர் மனைவி மட்டும். இந்து திருமணச் சட்டத்தில் வருமானமில்லாத கணவனும் கேட்கலாம், இங்கே முடியாது. நியாயமா என்று கேட்டால் 1954-இன் பார்வை அது, இன்றைக்குத் திருத்த வேண்டியதுதான். நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள் இடைக்கால மனுவை முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த வழிகாட்டுதல்படி இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். ஆகவே தாமதிக்காமல் மனுவைப் போடுங்கள். நீங்கள் வேலையில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். பத்திரத்தில் பொய் பிடிபட்டால் வழக்கு முழுக்க நம்பகம் போய்விடும். இது தவிர, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான பழைய 125 என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. அதற்கும் 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கும் மதம் கிடையாது. நகைகள் அவர் வீட்டில் இருந்தால் இரண்டாவது சட்டத்தின்கீழ் கேட்பது சுலபம்.

பையன் விஷயத்தில் 38-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குப் பரந்த அதிகாரம் தருகிறது. அவன் நலன்தான் அளவுகோல். ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் அப்பாவிடம்தான் என்று மாமனார் வீட்டில் சொல்லியிருக்கலாம். 1890-இன் காப்பாளர் சட்டம் பார்க்கச் சொல்லும் பல விஷயங்களில் குழந்தையின் மதமும் ஒன்று, அவ்வளவுதான், அதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பெழுத மாட்டார்கள். இரண்டு வருடமாக உங்களோடு இருக்கிறான், மதுரையில் பள்ளி போகிறான் என்பது அதைவிடக் கனமான விஷயம். அதே சமயம் அப்பாவைப் பார்க்கவிடாமல் தடுத்தால் அது உங்களுக்கு எதிராகப் பேசும். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பு, விடுமுறையில் சில நாள் என்று நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள்.

சொத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். உங்களைப் போன்ற கலப்பு மதத் தம்பதிக்கு 21-ஆம் பிரிவின்படி 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை, எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் அவர் உங்கள் வாரிசு. உங்கள் பெயரில் வீடோ சேமிப்போ இருந்தால் வழக்கு முடியக் காத்திருக்காமல் இப்போதே ஓர் உயில் எழுதிவிடுங்கள். விவாகரத்துக்குப் பின் அந்த உரிமை உங்கள் இருவருக்கும் போய்விடும், பையனுக்கு இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும்.

தீர்ப்பு கைக்கு வந்ததும் உடனே மறுமணத் தேதி குறிக்க முடியாது. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டம் அதற்கு 90 நாள் தருகிறது, குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. வம்பில்லாமல் 90 நாளையே கணக்கில் வையுங்கள். எதிர்த்தரப்பு வராமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள், அதை ரத்து செய்யக் கேட்டு அவர் வரக்கூடும். சான்றிட்ட தீர்ப்பு நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டிலும் வங்கியிலும் பையனின் பள்ளியிலும் அதைத்தான் கேட்பார்கள்.